வெனிஸில் டோஜ் அரண்மனையா, அக்காதேமியாவா? எதை, எப்போது, எப்படிப் பார்ப்பது

வெனிஸில் இரண்டு நாள் மட்டும் தங்குகிறவர்களுக்கு ஒரு கேள்வி கட்டாயம் வரும். சான் மார்கோ சதுக்கத்தில் இருக்கும், பழைய வெனிஸ் குடியரசின் தலைவரான டோஜின் அரண்மனைக்குப் போவதா, நகரின் பெரிய கால்வாயான கிராண்ட் கனாலின் மறுகரையில் இருக்கும் அக்காதேமியா ஓவியக்கூடத்துக்குப் போவதா? இரண்டிலும் டிஷியன் இருக்கிறார், டின்டோரெட்டோ இருக்கிறார், வெரோனேசே இருக்கிறார். அதே ஓவியர்கள்தானே, ஒன்றைப் பார்த்தால் போதாதா என்று தோன்றும்.

போதாது. அரண்மனையில் இருக்கும் ஓவியங்கள் அந்தந்த அறைக்காகவே வரையப்பட்டவை. அங்கே உட்கார்ந்து வழக்கு கேட்டவருக்கும் தூதரை வரவேற்றவருக்கும் வாக்களித்தவருக்கும் பின்னணியாக நின்றவை. இன்றைக்கும் பெரும்பாலும் அதே இடத்தில் நிற்கின்றன. அக்காதேமியாவில் இருப்பவை அநேகமாக வீட்டை இழந்து வந்தவை. 1797இல் வெனிஸ் குடியரசு விழுந்தபின், நெப்போலியன் ஆட்சியில் மூடப்பட்ட தேவாலயங்கள், மடங்கள், ‘ஸ்குவோலா’ எனப்பட்ட சமயச் சங்க மண்டபங்கள் ஆகியவற்றிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து சேர்த்தவை. ஆகவே அரண்மனையில் நிற்கும்போது “இங்கே யார் உட்கார்ந்தார்கள், எதற்காக?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். அக்காதேமியாவில் “இது முதலில் எங்கே தொங்கியது?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இரண்டு கேள்வியும் கையில் இருந்தால் இரண்டு இடமும் தாமாகவே பேச ஆரம்பிக்கும்.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால்

முதல் முறை வருகிறவர்கள், குழந்தைகளோடு வருகிறவர்கள் அரண்மனையைத் தேர்ந்தெடுங்கள். ஆயுதக் கிடங்கு, சிறை, அரண்மனையைச் சிறையோடு இணைக்கும் பெருமூச்சுப் பாலம் எல்லாம் ஒரே சுற்றில் வந்துவிடும். ஓவியத்தில் ஆர்வமில்லாதவருக்கும் சலிக்காது. படி ஏற முடியாதவர்கள், கூட்டத்தில் மூச்சு முட்டுகிறவர்கள், ஒரு படத்தின் முன்னால் பத்து நிமிடம் நிம்மதியாக நிற்க விரும்புகிறவர்கள் அக்காதேமியாவுக்குப் போகலாம். அரண்மனைக்கு இரண்டரை மணி நேரம், அக்காதேமியாவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் வையுங்கள். செலவும் அரண்மனைக்குத்தான் கணிசமாக அதிகம்.

இரண்டுக்கும் நேரம் இருந்தால், பெரும்பாலோர் செய்வதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். முதல் நாள் பிற்பகல் மூன்றரை, நான்கு மணிக்கு அக்காதேமியா; மறுநாள் காலை கதவு திறக்கும்போதே அரண்மனை. காரணம் இரண்டு. அரண்மனையில் பெரிய ஓவியங்கள் கூரையிலும் சுவரின் மேற்பாதியிலும் இருக்கின்றன. தூரம், மங்கல் வெளிச்சம், கழுத்துவலி மூன்றும் சேர்ந்தால் அவை வெறும் தங்கச் சட்டமும் கறுத்த உடம்புகளுமாகத்தான் தெரியும். அதே ஓவியர்களின் தூரிகையை முந்தின நாள் அக்காதேமியாவில் கண் உயரத்தில் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்த மங்கலிலும் ஆள் அடையாளம் தெரியும். இரண்டாவது காரணம் கூட்டம். சான் மார்கோ சதுக்கத்துக்குப் பகல் பயணிகள் திரளாக வந்து சேர்வது பத்து மணிக்குமேல்தான். ஒன்பது மணிக்கு உள்ளே போனவர் முக்கியமான அறைகளை அமைதியாகப் பார்த்துவிடலாம்.

சீட்டு வாங்கும்போது நடக்கும் தவறுகள்

பலர் விழும் முதல் குழி இது: ஃபுளோரன்ஸிலும் ஓர் அக்காதேமியா இருக்கிறது. மிக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை இருப்பது அங்கே. இணையத்தில் ‘அக்காதேமியா’ என்று தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் அதுதான். பணம் கட்டுமுன் ஊர் பெயரைப் பாருங்கள். வெனிஸில் இருப்பதன் முழுப்பெயர் ‘கல்லேரியே தெல் அக்காதேமியா தி வெனேட்சியா’.

அரண்மனை நகராட்சி அருங்காட்சியகங்களைச் சேர்ந்தது, அக்காதேமியா இத்தாலிய அரசுக்குச் சொந்தமானது. இந்த வித்தியாசம் பர்ஸில் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். ஆகவே அன்று அக்காதேமியாவுக்குக் காசு வேண்டாம், ஆனால் வரிசை நீளும். அரண்மனைக்கு அன்றும் முழுக் கட்டணம்தான். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அக்காதேமியா எந்த நாளும் இலவசம், எந்த நாட்டவராக இருந்தாலும் சரி. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

அரண்மனைச் சீட்டு தனியாக வருவதில்லை. சதுக்கத்தின் எதிர்முனையில் உள்ள கொர்ரேர் அருங்காட்சியகம், தொல்லியல் அருங்காட்சியகம், மார்ச்சியானா நூலகத்தின் பழைய மண்டபங்கள் மூன்றும் அதே சீட்டில் அடக்கம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை, மறுநாளும் போகலாம். சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வருகைக்கு 30 நாளுக்கு முன்பே இணையத்தில் வாங்கினால் விலை குறையும். பக்கத்திலேயே இருக்கும் சான் மார்கோ பேராலயத்துக்கும் மணிக்கோபுரத்துக்கும் இந்தச் சீட்டு செல்லாது. அவற்றுக்குத் தனித்தனி வரிசை. பேராலய வரிசையை அரண்மனை வரிசை என்று நினைத்து வெயிலில் நிற்பவர்களைத் தினமும் பார்க்கலாம். அரண்மனையின் வாசல் பேராலயத்துக்குப் பக்கத்தில் இல்லை. கடலைப் பார்த்த பக்கம் இருக்கிறது, பெயர் ‘போர்த்தா தெல் ஃபுருமென்தோ’.

திங்கட்கிழமைதான் இன்னொரு பொறி. அன்று அக்காதேமியா பிற்பகல் இரண்டு மணிக்கே மூடிவிடும். கடைசி நுழைவு அதற்கு ஒரு மணி நேரம் முன்பு. உங்களுடைய முதல் நாள் திங்களாக அமைந்தால் மேலே சொன்ன வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

வெனிஸில் இரவு தங்காமல் பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு 2024 முதல் நுழைவுக் கட்டணமும் இருக்கிறது. ஆண்டு முழுவதும் இல்லை. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் அறிவிக்கப்படும் நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை. நகரில் விடுதி எடுத்தவர் இந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் விலக்குக்கு இணையத்தில் பதிந்து கியூஆர் குறியீட்டை வைத்திருக்க வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

அக்காதேமியாவுக்குள்

படகுப் பேருந்தான வாப்பொரெத்தோவின் 1, 2 எண் வழித்தடங்கள் வாசலிலேயே நிற்கும். துறையின் பெயரும் அக்காதேமியாதான். ஆனால் சான் மார்கோவிலிருந்து நடந்தால் கால் மணி நேரம்தான். சுவர்களில் மஞ்சள் பலகையில் ‘பெர் அக்காதேமியா’ என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கும், அதைப் பின்தொடர்ந்தால் சான்தோ ஸ்தேஃபானோ திடலைத் தாண்டி மரப்பாலத்தில் ஏறி இறங்கலாம். பாலத்தில் படிகள் அதிகம். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் வைத்திருப்பவர்கள் படகிலேயே வருவது நல்லது.

கட்டடமே மூன்று பழைய கட்டடங்களின் ஒட்டு: கருணை மாதா சங்கத்தின் மண்டபம், அதையொட்டிய தேவாலயம், பல்லாதியோ வடிவமைத்த மடம். முதல் மாடியில் நுழைந்ததும் வரும் பெரிய கூடம் அந்தச் சங்கம் கூடிய இடம். படங்களுக்குப் போகுமுன் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். பொன்பூசிய கட்டங்களுக்குள்ளிருந்து சிறகு முளைத்த முகங்கள் வரிசை வரிசையாக எட்டிப் பார்க்கும்.

அறைகளில் சீரமைப்பு வேலை அவ்வப்போது நடப்பதால் படங்கள் இடம் மாறும்; பழைய வழிகாட்டி நூலின் அறை எண்ணை நம்பி அலையாதீர்கள். நுழைவாயிலில் அன்றைய வரைபடத்தை வாங்கிக்கொண்டு, கீழே சொல்பவை எங்கே இருக்கின்றன என்று ஊழியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. வட்டத்துக்குள் கைகால் விரித்து நிற்கும் மனிதனை லியனார்டோ தா வின்சி வரைந்த தாள் இந்தக் கூடத்துக்குத்தான் சொந்தம். ஆனால் வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் அதைப் பெட்டகத்திலேயே வைத்திருக்கிறார்கள். சிறப்புக் கண்காட்சிகளில் மட்டும், அதுவும் அபூர்வமாக, வெளியே வரும். அதற்காக மட்டும் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

எல்லாப் படத்துக்கும் ஒரே நேரம் கொடுக்காதீர்கள். நான்கு படத்துக்கு நிறையக் கொடுங்கள், மற்றவற்றை நடந்தபடி பாருங்கள்.

முதலாவது, ஜென்தீலே பெல்லினி 1496இல் வரைந்த சான் மார்கோ சதுக்க ஊர்வலம். ஏழு மீட்டருக்கு மேல் நீளம். அன்றைய சதுக்கத்தின் தரை, பேராலய முகப்பில் அன்றிருந்த மொசைக்குகள் (இன்று ஒரே ஒரு வாசலின் மேல்தான் பழையது மிச்சம்), வலப்பக்கம் அரண்மனையின் விளிம்பு, பேராலயத்துக்கும் அரண்மனைக்கும் இடையில் பொன்பூச்சோடு மின்னும் ‘போர்த்தா தெல்லா கார்த்தா’ வாசல். அந்த வாசலை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அரண்மனையை விட்டு வெளியேறும்போது அதன் வழியாகத்தான் வருவீர்கள். பொன் போய் வெள்ளைக் கல்லாக இருக்கும்.

இரண்டாவது, புனித சிலுவைத் துண்டின் அற்புதங்களைச் சொல்லும் அதே தொடரில் கார்பாச்சோ வரைந்த ரியால்தோ பாலம். இன்றைய கற்பாலம் 1591இல் முடிந்தது. படத்தில் இருப்பது அதற்கு முந்தைய மரப்பாலம், நடுவில் பாய்மரக் கப்பலுக்காகத் தூக்கித் திறக்கும் பலகையோடு. படத்தின் பேருக்குக் காரணமான அற்புதம் இடது மூலையில் மாடத்தில் ஒதுங்கி நடக்கிறது. மீதி முழுக்க ஊர்தான். புனல் போன்ற புகைபோக்கிகள், கழியில் காயும் துணி, சிவப்புத் தொப்பியில் இறகு செருகிய ஆப்பிரிக்கப் படகோட்டி, படகில் உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளை நாய். படத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்று இவற்றைத் தேடுங்கள். குழந்தைகளை இந்தப் படத்தின் முன் விட்டால் கால் மணி நேரம் அசைய மாட்டார்கள்.

மூன்றாவது, வெரோனேசேயின் ‘லேவியின் வீட்டு விருந்து’. ஏறக்குறைய 13 மீட்டர் அகலம். ஒரு சுவர் முழுவதும் அதுதான். சான்தி ஜொவான்னி எ பாவ்லோ மடத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்காக, இயேசுவின் கடைசி இராவுணவு என்று வரைந்தது. கடைசி இராவுணவில் கோமாளியும் கிளியும், மூக்கில் இரத்தம் வழியும் வேலைக்காரனும், ஈட்டி பிடித்த ஜெர்மன் சிப்பாய்களும் எதற்கு என்று 1573 ஜூலையில் சமய விசாரணை மன்றம் ஓவியரைக் கூப்பிட்டுக் கேட்டது. திருத்தச் சொன்னார்கள். அவர் ஆட்களை அழிக்கவில்லை, படத்தின் பெயரை மாற்றினார். படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் லூக்கா நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தைச் சுட்டி இலத்தீனில் எழுதியிருப்பது தெரியும். விருந்து லேவியின் வீட்டுக்கு மாறியது அந்த ஒரு வரியால்தான். முதலில் அறையின் கடைசியில் நின்று மூன்று வளைவுகளையும் ஒரே பார்வையில் வாங்குங்கள். அதன்பிறகு கிட்டப் போங்கள்.

நான்காவது, டிஷியன் 1534–38இல் வரைந்த ‘மரியாளைக் கோயிலில் காணிக்கையாக்குதல்’. இங்கே “முதலில் எங்கே தொங்கியது?” என்ற கேள்விக்கு விடை: இதே சுவரில். இந்த அறை கருணை மாதா சங்க நிர்வாகிகள் கூடிய அறை. சுவரின் அளவுக்கே வரைந்த துணி, கீழே கதவுக்கு இடம் விட்டிருக்கிறது. ஒரு பக்கத்தில் கதவைச் சுற்றியே கற்சுவரையும் படிகளையும் வரைந்திருக்கிறார். இன்னொரு பக்கம் பின்னாளில் கதவு திறப்பதற்காக ஓவியத்தையே அறுத்திருக்கிறார்கள், உருவங்களின் கால்கள் அங்கே சட்டென்று நின்றுவிடும். படிக்கட்டின் அடியில் முட்டைக்கூடையோடு ஒரு கிழவி. மேலே தனியாகப் படியேறும் நீல உடைச் சிறுமி. அக்காதேமியாவில் அரண்மனையைப் போலவே ஓவியமும் அறையும் பிரியாமல் இருக்கும் இடம் இது. அதனால் இதைக் கடைசியாக வையுங்கள்.

ஜார்ஜோனேயின் ‘புயல்’ 82க்கு 73 செ.மீ. மட்டுமே. எல்லாரும் அதன் முன் குவிவார்கள். மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பு போனால் தனியாகக் கிடைக்கும்.

அரண்மனைக்குள்

நுழையுமுன் கடற்பக்க வளைவுகளில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கீழ்த்தூண்கள் குட்டையாகத் தெரிவது தரையை உயர்த்தியதால். எதிரில் சான்சொவீனோ கட்டிய நூலகம். அதையொட்டிக் கடலைப் பார்த்து நிற்பது குடியரசின் பழைய நாணயச் சாலை. 1284 முதல் வெனிஸ் அடித்த டுகாட் பொற்காசு மிளகு வாங்கத் தென்னிந்தியக் கடற்கரை வரை வந்தது. அதில் டோஜ், புனித மாற்குவின் முன் மண்டியிட்டுக் கொடிக்கம்பத்தைப் பிடித்திருப்பார். நம் பக்கத்து மக்களின் கண்ணுக்கு அவர் பனையேறுகிறவராகத் தெரிந்து, காசுக்கும் அப்படியே பேர் வைத்தார்கள். அதே மண்டியிடும் டோஜை மேல்மாடி அறைகளில் திரும்பத் திரும்பச் சந்திப்பீர்கள்.

பெரிய பைகளைக் கீழேயே கொடுத்துவிட வேண்டும். சூட்கேஸ் எடுத்து வராதீர்கள். கழிப்பறைக்கும் ஏறுமுன்னே போய்விடுங்கள், பாதை ஒருவழி, நடுவில் திரும்பி வருவது சிரமம். தரைத்தளத்தில் பழைய தூண்தலைகளை வைத்திருக்கும் சிறிய அருங்காட்சியகத்தைப் பலர் தாண்டிப் போகிறார்கள். வெளியே வளைவுகளில் பார்த்த சிற்பங்களில் பல பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரதிகள். அசல் இங்கே கண் உயரத்தில் இருக்கிறது. பத்து நிமிடம் போதும்.

டோஜின் குடியிருப்பு அறைகளில் கவனமாகத் தேடவேண்டியது ஒன்று உண்டு. தத்துவஞானிகள் கூடத்தில் ஒரு சிறு படிக்கட்டுக்குப் போகும் கதவு இருக்கும். அதற்குள் சில படி ஏறித் திரும்பிப் பாருங்கள்: கதவுக்கு மேலே டிஷியனின் புனித கிறிஸ்தோபர் சுவரோவியம். முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு நடப்பவர் கண்ணில் அது படவே படாது.

அதன்பின் இரண்டாம் மாடி அரசு அறைகள். இங்கேதான் ஆட்கள் தங்கள் பலம் முழுவதையும் செலவழித்துவிட்டு, பெருமன்றக் கூடத்துக்கு வரும்போது களைத்துப்போகிறார்கள். பொன்படிக்கட்டு, நான்கு கதவுக் கூடம், செனட் எல்லாவற்றையும் மிதமாகப் பாருங்கள். அமைச்சரவை போன்ற கொலேஜியோ குழு கூடிய அறையின் கூரைக்கு மட்டும் நேரம் கொடுங்கள், வெரோனேசேயின் நிறங்கள் அங்கே நல்ல வெளிச்சத்தில் இருக்கின்றன. அரசின் பாதுகாப்பைக் கவனித்த பதின்மர் குழு அறையில் கூரையின் நடுப்படம் பிரதி. அசலை 1797இல் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனார்கள், இன்றும் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த அறையில் இரகசியப் புகார் போடும் ‘சிங்கவாய்’ப் பெட்டியைச் சுவரில் காணலாம்.

பெருமன்றக் கூடம் 53 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரபுக்கள் கூடி வாக்களித்த இடம். 1577 தீயில் எரிந்து மறுபடி எழுந்தது. முதலில் எதிர்ச் சுவர்வரை நடந்து போய், அங்கிருந்து திரும்பி டின்டோரெட்டோவின் ‘பரலோகம்’ ஓவியத்தைப் பாருங்கள். 22 மீட்டர் அகலம், கிட்ட நின்றால் ஒன்றும் பிடிபடாது. அதன்கீழ் டோஜ் உட்கார்ந்தார் என்பதை நினைத்தால்தான் அந்தப் படம் அங்கே செய்த வேலை புரியும். பிறகு சுவர் உச்சியில் ஓடும் டோஜ்களின் முகங்களை வரிசையாகப் பாருங்கள். ஓரிடத்தில் முகத்துக்குப் பதில் கறுப்புத் துணி வரையப்பட்டிருக்கும். ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததற்காக 1355இல் தலை வெட்டப்பட்ட மரீனோ ஃபலியேரோவின் இடம் அது. இங்கே இருக்கையில் உட்கார்ந்து குறைந்தது இருபது நிமிடம் இருங்கள்.

பெருமூச்சுப் பாலம் உள்ளே குறுகலானது. நடுவில் சுவர் வைத்துப் போக ஒரு வழி, வர ஒரு வழி. கூட்ட நேரத்தில் இங்கே வரிசை ஊர்ந்துதான் போகும். படம் எடுக்க வேண்டுமானால் வெளியே பாலியா பாலத்திலிருந்து எடுங்கள். சிறைப் பகுதிக்குச் சக்கர நாற்காலி போகாது.

‘இரகசிய வழித்தடம்’ என்ற வழிகாட்டிச் சுற்றுலாவுக்கு முன்பதிவு கட்டாயம். ஒன்றேகால் மணி நேரம். இத்தாலியன், ஆங்கிலம், பிரெஞ்சு மொழிகளில் மட்டும். 1756இல் சாகசக்காரர் கசனோவா தப்பிய கூரையடிச் சிறையும், பெருமன்றக் கூரையைத் தாங்கும் மரச்சட்டங்களும் அதில்தான் வரும். தூணில்லாத கூடம் எப்படி நிற்கிறது என்பதற்கு விடை மேலே இருக்கிறது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. படி செங்குத்து, தாழ்வான வாசல்கள், கோடையில் வெக்கை.

அக்டோபர் முதல் ஜனவரி வரை போகிறவர்கள் கடல் ஏற்றத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடல்நீர் நகருக்குள் ஏறாமல் தடுக்கும் மோசே கதவுகள் பொதுவாக 110 செ.மீ. ஏற்றம் எதிர்பார்க்கும்போதுதான் எழும். சான் மார்கோ சதுக்கம் அதற்கும் குறைவான ஏற்றத்திலேயே நனைந்துவிடும். அன்று காலை அறிவிப்பில் 90 என்று வந்தால் முழங்கால் ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது நீர் இறங்கும் நேரம் பார்த்து அரண்மனையைப் பிற்பகலுக்குத் தள்ளிவிட்டு, காலையில் அக்காதேமியாவுக்குப் போங்கள்.